நாலு மணிக்குள் பதில் வராவிட்டால்

ஜனாதிபதி மாறிய மறுநாள் காலை ஆர்டிஸ் கெல்லர்மன் வேலைக்கு வந்தபோது தாழ்வாரச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. முந்தைய நாள் நண்பகல் பன்னிரண்டு அடித்த கையோடு பழையவரின் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதியவரின் படம் அச்சாகி வர மாதக் கணக்காகும். அதுவரை வாஷிங்டனில் வெளியுறவுத் துறையின் அந்தப் பெரிய கட்டிடத்தில் எந்த மாடிக்குப் போனாலும் வெறும் ஆணிதான். ஆர்டிஸ் ஆணியைப் பார்ப்பது இது ஐந்தாவது முறை. அதற்கு ஒரு காலை வணக்கம் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அமெரிக்காவின் வெளிநாட்டுக் கொள்கை என்று பத்திரிகைக்காரர்கள் கொட்டை எழுத்தில் போடும் சமாசாரம், அந்தக் கட்டிடத்துக்குள்ளே மேசை மேசையாகத்தான் கிடக்கும். ஒரு நாட்டுக்கு ஒரு மேசை. கஸ்வார் மேசை ஆர்டிஸுடையது, பத்தொன்பது வருடமாக. அமெரிக்காவில் பத்துப் பேரை நிறுத்திக் கஸ்வார் என்றால் என்ன என்று கேட்டால், ஒன்பது பேர் ஏதோ தரைவிரிப்பு என்பார்கள். பத்தாவது ஆள் எரிவாயுக் கம்பெனிக்காரனாக இருப்பான், அவனுக்கு மட்டும் சரியாகத் தெரியும்.

பழைய ஜனாதிபதிக்குக் கஸ்வார் அதிபரைக் கண்டாலே ஆகாது. போன மே மாதம் சண்டை முற்றி, கஸ்வாரின் வடக்கே இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தை இழுத்து மூடினார்கள். அங்கே காரோட்டியவர்கள், மொழிபெயர்த்தவர்கள், வாசலில் காவல் நின்றவர்கள், சமைத்தவர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் நாற்பத்து மூன்று பேர். அத்தனை பேரையும் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொள்வதாக ஒரு கடிதம் முத்திரையோடு போயிற்று. அதை எடுத்துக்கொண்டு போனவள் ஆர்டிஸ். தூதரகத்தின் வாகனக் கொட்டகையில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று, அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர்களுடைய விசா காகிதங்கள் எட்டு மாதமாக நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. அதற்குள் தேர்தல் வந்து எல்லாம் தலைகீழானது. புதிய ஜனாதிபதி கஸ்வாரோடு கைகுலுக்குவேன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். கஸ்வார் அதிபர் அந்த நாற்பத்து மூன்று பேரையும் உளவாளிகள் என்று தொலைக்காட்சியிலேயே சொல்லியிருந்தாலும் இன்னும் கை வைக்கவில்லை. புது ஆள் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு இருவரும் முதல்முறையாகத் தொலைபேசியில் பேசப்போகிறார்கள். கஸ்வார்காரர் கண்டிப்பாக அந்த நாற்பத்து மூன்று பேரைப் பற்றிக் கேட்பார். என்ன பதில் சொல்வது என்று ஒரு தாள் போக வேண்டும். அந்தத் தாளை எழுதும் வேலை கஸ்வார் மேசையுடையது. அதில் ஒரு வரி பிசகினால் மறுநாள் விடிவதற்குள் நாற்பத்து மூன்று வீட்டுக் கதவுகளும் உடைபடும்.

புதியவர்களின் ஆளாக அந்த மாடிக்கு வந்து சேர்ந்தவன் ப்ரெட் ஹோல்ஸ்ட்ராம். முப்பத்து நாலு வயது, ஒஹாயோக்காரன், தேர்தல் பிரசாரத்தில் உழைத்துக் களைத்தவன். முதல் நாள் அவனுக்கு அடையாள அட்டை தயாராகவில்லை. 'துணை இல்லாமல் நடமாடக் கூடாது' என்று சிவப்பில் எழுதிய விருந்தாளி அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். இருபத்தேழு நாடுகளின் விவகாரத்தைக் கையில் வைத்திருப்பவனை ஆர்டிஸ்தான் கழிப்பறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், வெளியே நின்று, திரும்பக் கூட்டிவந்தாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆள் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். அந்தக் கட்டிடத்தில் அவசரக்காரர்களால் வந்த கேடு கெட்டவர்களால்கூட வந்ததில்லை.

அன்று மாலை அவள் எழுதிய தாளோடு வந்தான்.

"நல்லா இருக்கு ஆர்டிஸ். சுருக்கமா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு வரியை மட்டும் மாத்தியிருக்கேன்."

"எந்த வரி?"

"அந்த நாப்பத்திமூணு பேர் வரி."

வாங்கிப் பார்த்தாள். 'இவர்கள் விஷயத்தில் அமெரிக்கா எந்த வாக்குறுதியும் தரவில்லை' என்று இருந்தது.

"இது பொய்."

"பழைய ஆளுங்க குடுத்த வாக்கு அது. நாங்க குடுக்கல. ஜனங்க ஓட்டுப் போட்டு மாத்திட்டாங்கல்ல?"

"இனிமே என்ன செய்யணும்னு ஓட்டுப் போட்டாங்க. போன மே மாசம் என்ன நடந்ததுன்னு யாரும் ஓட்டுப் போடல." ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இதோ பாருங்க. நாலு ஜனாதிபதிக்கு எழுதிக் குடுத்தவ நான். ஒருத்தர் கட்டிப்பிடிம்பார், அடுத்தவர் எட்டி உதைம்பார். ரெண்டையும் நானே அழகா எழுதித் தந்திருக்கேன். அது உங்க உரிமை. நீங்க கஸ்வாரோட கொஞ்சிக் குலாவணுமா, தாராளமா குலாவுங்க. அந்த வாக்கைக் காப்பாத்த மாட்டோம்னு சொல்லணுமா, அதையும் வெளிப்படையா சொல்லுங்க. நான் அழுதுகிட்டே எழுதித் தரேன். நடந்ததை நடக்கலைன்னு மட்டும் எழுத மாட்டேன்."

"காப்பாத்த மாட்டோம்னு சொன்னா நாளைக்குப் பேப்பர்ல கிழிப்பாங்க. குடுக்கவே இல்லைன்னு சொன்னா ஒரு வரியில முடிஞ்சிடும்."

"அவங்களும் அதோட முடிஞ்சிடுவாங்க."

ஹோல்ஸ்ட்ராம் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டான். பிறகு, "நீங்க ஒண்ணும் எழுத வேணாம். நான் எழுதியாச்சு. நாளைக்கு மத்தியானம் எல்லா மேசைக்கும் அனுப்பறேன். நாலு மணி கெடு. அதுக்குள்ள பதில் வரலைன்னா சம்மதம். இங்க அப்படித்தானாமே?" என்றான்.

"உங்களுக்குச் சொன்னவங்க பாதிதான் சொல்லியிருக்காங்க."

அவன் மீதிப் பாதியைக் கேட்கவில்லை. போகிற போக்கில், "அப்புறம், நாளைக்கு ரெண்டு மணிக்கு உங்களுக்குப் பயிற்சி வகுப்பு இருக்கு. புதுக் கொள்கையைப் பத்தி. ஆத்துக்கு அந்தப் பக்கம். அஞ்சு மணி வரைக்கும். போனை வாசல்லயே வாங்கி வச்சிடுவாங்க" என்றான்.

மீதிப் பாதி இதுதான். ஒரு தாள் மேலே போவதற்கு முன் சம்பந்தப்பட்ட மேசைகளுக்கெல்லாம் சுற்றுக்கு வரும். கெடுவுக்குள் வாயைத் திறக்காதவன் பெயருக்கு எதிரே 'சரி' என்று போட்டுவிடுவார்கள். ஆனால் நாட்டுக்குரிய மேசை எழுத்தில் மறுத்துவிட்டால் அந்த மறுப்பைத் தாளிலேயே இரண்டாவது கருத்தாகச் சேர்த்துத்தான் அனுப்ப முடியும். மறைத்து அனுப்பினால் மேல்மாடியில் தாள் வாங்கும் அம்மாள் அதைக் கையால்கூடத் தொடமாட்டாள்.

புதன்கிழமை மதியம் ஆர்டிஸ் சிற்றுண்டிச் சாலையிலிருந்து காகிதக் கிண்ணத்தில் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பை வாங்கிவந்து மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். மணி ஒன்றரை. பக்கத்து மேசை டெஸ்மண்ட் ஓக்லி அவளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கஸ்வாரின் அண்டை நாடுகள் இரண்டும் அவன் பொறுப்பு. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு தாளுக்கும் மறுப்புச் சொன்னதில்லை என்பதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

"வகுப்புக்குக் கிளம்பலையா?"

"இல்ல."

"ஆர்டிஸ், நான் சொல்றதைக் கேளு. போய் உக்காந்து அவங்க குடுக்கற பிஸ்கட்டைத் தின்னுட்டு வா. ஆணியில படம் மாறும், அடுத்த ஆள் வருவான், திரும்ப எல்லாம் மாறும். நம்ம வேலை மேசையைக் காப்பாத்தறது."

"மேசைக்கு என்ன, மரம்தானே. அது நல்லாத்தான் இருக்கும்."

"நீ மறுப்பே போட்டாலும் அது தாளோட அடியில கிடக்கும். ஜனாதிபதி அது வரைக்கும் படிக்கப்போறாரா?"

"படிக்காட்டிப் போகட்டும். என் பேருக்கு எதிர்ல நான் சொல்லாததை எழுதக் கூடாது. ஒரு தடவை எழுதினாங்களே, மறந்துட்டியா?"

டெஸ்மண்ட் மறக்கவில்லை. தன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எட்டு வருடத்துக்கு முந்தைய ஆட்சி மாற்றத்தின்போதும் இப்படித்தான் ஜனவரிப் பனி பெய்துகொண்டிருந்தது. கஸ்வாரின் வடக்கு எல்லையில் இருந்த சின்ன அமெரிக்க அலுவலகத்துக்குக் கொடுத்திருந்த காவலை விலக்குவதாக ஒரு தாள் மூன்று மணிக்குச் சுற்றுக்கு வந்தது. நாலு மணி கெடு. ஆர்டிஸ் அப்போது பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் 'கெல்லர்மன் - சரி' என்று போட்டுத் தாள் மேலே போய்விட்டது. அந்த அலுவலகத்தில் காரோட்டிக்கொண்டிருந்தவன் இல்யாஸ் மெஹ்தி. ஆர்டிஸ் போகும்போதெல்லாம் உலர்ந்த ஆப்ரிகாட் பழம் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுப்பான். காவல் விலகிப் பதினோரு நாளில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவனுடைய தம்பி தெமூர் அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவன். ஆர்டிஸ் அதற்குப் பிறகு வலி தாங்காமல் துடித்தாலும் மதியத்தில் பல் வைத்தியரிடம் போனதில்லை.

இரண்டு மணி நாற்பதுக்குத் தாள் வந்தது. அவள் வகுப்பில் இருப்பாள் என்று கணக்குப் போட்டு ஹோல்ஸ்ட்ராம் அனுப்பியிருக்கிறான். ஆர்டிஸுக்கு உள்ளே கொதித்தது.  தன் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் இப்படித் தட்டினாள்:

'கெல்லர்மன் (கஸ்வார்): சம்மதமில்லை. வாக்குறுதி தரப்பட்டது. மே 9 தேதியிட்ட கடிதம், கையெழுத்தும் முத்திரையும் உள்ளது. வாகனக் கொட்டகையில் நாற்பத்து மூன்று பேருக்கும் அதை வாசித்துக் காட்டியவள் நான். கடிதமும் பெயர்களும் இணைப்பில்.'

மூன்றேகாலுக்கு ஹோல்ஸ்ட்ராம் வந்து நின்றான். அடையாள அட்டை கிடைத்துவிட்டிருந்தது. துணை இல்லாமலே வந்தான்.

"நீங்க வகுப்புல இருக்கணும்."

"போகல."

"அது உத்தரவு."

"தெரியும். நாலு மணிக்கு எனக்கு இங்க வேலை இருந்தது. மூணு மணிக்கே முடிச்சிட்டேன்."

"அதை எடுத்துடுங்க ஆர்டிஸ்."

"எடுக்க மாட்டேன்."

"அப்ப நான் எடுக்கறேன்."

"எடுத்துட்டு மேல்மாடிக்குக் கொண்டுபோய்ப் பாருங்க."

போனான். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தான். காது மடல் சிவந்திருந்தது. தாள் வாங்கும் அம்மாள் அவனிடம் என்ன சொன்னாள் என்று அவன் சொல்லவில்லை. ஆர்டிஸும் கேட்கவில்லை.

"சரி. இருந்துட்டுப் போகட்டும். ரெண்டாம் பக்கத்துல போட்டாச்சு. அவர் அங்க வரைக்கும் வரவே மாட்டார்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாளைக்குப் பேச்சைக் கேட்டு மொழிபெயர்ப்பு சரியான்னு பாக்கறதுக்குக் கஸ்வார் மொழி தெரிஞ்ச ஆள் உங்களை விட்டா இல்ல. அதனால நாளைக்கு நீங்க வேணும். திங்கக்கிழமைலேருந்து உங்களுக்குக் கீழ்த்தளம். பழைய காகிதம் பாக்கற வேலை."

"திங்கக்கிழமை வரைக்கும் இந்த மேசை என்னுது" என்றாள் ஆர்டிஸ்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு, சன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆர்டிஸும் ஹோல்ஸ்ட்ராமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் குறிப்பேடு. வெள்ளை மாளிகையிலிருந்து ஜனாதிபதியின் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பான குரல். ஆளுநராக இருந்தவர். எழுதிக் கொடுத்ததைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிப்பது போல நிறுத்தி நிதானமாக வாசிப்பார். வாழ்த்துகள், எரிவாயு, குளிர் எப்படி என்று பேச்சு நன்றாகத்தான் போயிற்று. பத்தாவது நிமிடத்தில் கஸ்வார் அதிபர் மெல்ல ஆரம்பித்தார். உங்களுக்கு முன்னால் இருந்தவர் என் குடிமக்கள் சிலரை என்னிடமிருந்து பிரிக்கப் பார்த்தார், நாற்பத்து மூன்று பேர், அவர்கள் மேல் உங்களுக்கு ஏதாவது பாத்தியதை உண்டா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"இவங்க விஷயத்துல அமெரிக்கா எந்த வாக்குறுதியும் தரல" என்று ஜனாதிபதி வாசித்தார்.

ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். கொட்டகையில் பட்டியல்மேல் ஊர்ந்த விரல்கள்தான் கண்ணுக்குள் வந்தன. ஹோல்ஸ்ட்ராம் மூச்சை விட்டான். மறுமுனையில் கஸ்வார் அதிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றி சொல்ல ஆரம்பித்தார்.

மறுபடியும் தாள் புரண்டது. பேப்பரைக் கையில் கொடுத்தால் கடைசி வரி வரைக்கும் வாசித்தே பழகிய மனிதர்.

"கெல்லர்மன், கஸ்வார்: சம்மதமில்லை. வாக்குறுதி தரப்பட்டது. மே ஒன்பதாம் தேதிக் கடிதம், கையெழுத்தும் முத்திரையும் உள்ளது..." குரல் தயங்கியது. ஆனால் நிற்கவில்லை. "வாகனக் கொட்டகையில நாப்பத்திமூணு பேருக்கும் அதை வாசிச்சுக் காட்டினவ நான்."

ஹோல்ஸ்ட்ராமின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. மொழிபெயர்ப்பாளர் தன் கடமையைச் செய்தார். கெல்லர்மன் என்ற பெயரோடு சேர்த்து, முத்திரையையும் கொட்டகையையும் விடாமல், அத்தனையும் கஸ்வார் அதிபரின் காதில் போய் விழுந்தது.

"யார் இந்தக் கெல்லர்மன்?" என்று ஜனாதிபதி பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். யாரோ கிசுகிசுத்தார்கள். "அந்தப் பொம்பளை அங்க போயிருந்தாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க." மறுபடி கிசுகிசுப்பு. பிறகு அவர் தொலைபேசியில் நேராகப் பேசினார். "எங்க வீட்டுக்குள்ளயே ரெண்டு பேச்சு இருக்கும்போல. கடிதம் ஒண்ணு இருக்காம். நான் அதைப் பாக்கற வரைக்கும் அந்த ஜனங்க மேல யாரும் கை வைக்க வேணாம். கிளம்பறவங்களைத் தடுக்கவும் வேணாம். சரிதானே?"

கஸ்வார் அதிபருக்கு எரிவாயுக் குழாய் வேண்டும். "சரி" என்றார்.

ஆர்டிஸ் காதுக்கருவியைக் கழற்றி வைத்தாள். கண் கலங்கிவிட்டது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "மொழிபெயர்ப்பு சரியாத்தான் இருந்தது. எழுதிக்குங்க" என்றாள் ஹோல்ஸ்ட்ராமிடம்.

ஜனாதிபதி அந்தக் கடிதத்தைப் பார்த்தாரா என்று யாருக்கும் தெரியாது. அதை அவருக்கு ஞாபகப்படுத்தும் துணிச்சலும் யாருக்கும் வரவில்லை. பார்க்காத வரைக்கும் அவர் சொன்னது சொன்னதுதான். பன்னிரண்டாம் நாள் தெமூர் தொலைபேசியில் கூப்பிட்டான். நாற்பத்து மூன்று குடும்பமும் மூன்று பஸ்ஸில் எல்லை ஆற்றைத் தாண்டி அண்டை நாட்டுக்கு வந்துவிட்டதாகச் சொன்னான். அமெரிக்காவுக்கு எப்போது என்று கேட்டான். தெரியாது என்று ஆர்டிஸ் உண்மையைச் சொன்னாள். பரவாயில்லை அக்கா, இங்கே ராத்திரி தூக்கம் வருகிறது என்றான்.

அந்த அழைப்பைக் கீழ்த்தளத்தில்தான் எடுத்தாள். திங்கட்கிழமை சொன்னபடி அனுப்பிவிட்டார்கள். கொதிநீர்க் குழாய்கள் தலைக்கு மேலே முனகும் அறை. முப்பது வருடத்துக்கு முந்தைய தாள்களைப் பொதுமக்கள் பார்வைக்கு விடுமுன், தெரியக் கூடாத வரிகளின் மேல் கறுப்பு அடிக்க வேண்டும். பெட்டி பெட்டியாக இருந்தது. சுவரில் ஆணிகூடக் கிடையாது. படம் மாட்டத் தகுதி இல்லாத தளம்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் மூன்று மணி சுமாருக்கு அவளுடைய திரையில் ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. ஹோல்ஸ்ட்ராமின் அலுவலகத்திலிருந்து எல்லா மேசைகளுக்கும் அனுப்பியது. பெயர்ப் பட்டியலை யாரும் திருத்தவில்லை. அதில் இன்னமும் 'கெல்லர்மன் (கஸ்வார்)' இருந்தது.

'இனி மேலே போகும் தாள்களில் மாற்றுக் கருத்து இடம்பெறாது. மறுப்புகளைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். இன்று மாலை நாலு மணிக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளப்படும்.'

ஆர்டிஸ் கையிலிருந்த கறுப்புப் பேனாவை மூடினாள். இந்தச் சுற்றறிக்கையும் ஒரு தாள்தான். இது மேலே போய் ஒப்புதலாகும் வரைக்கும் பழைய விதிதான் விதி. எல்லா நாட்டு மேசைக்கும் பொருந்தும் தாள் என்பதால், எந்த மேசை எழுத்தில் மறுத்தாலும் அந்த மறுப்பையும் சேர்த்துத்தான் இதை அனுப்ப முடியும். அங்கே ஒருவர் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார்.

'கெல்லர்மன் (கஸ்வார்): சம்மதமில்லை' என்று தட்டினாள்.

அனுப்பிவிட்டுத் திரும்பப் பெட்டியை இழுத்தபோது திரையில் அவள் வரிக்குக் கீழே இன்னொரு வரி வந்தது. 'ஓக்லி: சம்மதமில்லை.'

அவள் தொலைபேசியை எடுத்து நாலாவது மாடிக்குப் போட்டாள்.

"டெஸ்மண்ட், உனக்கு ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு."

"இருக்கட்டும்" என்றான் அவன். "இங்க ஆறு மேசை இன்னும் தட்டிக்கிட்டிருக்கு. மணி மூணரைதான் ஆகுது. லைனை வை, எனக்கு வேலை இருக்கு."